வராத லீவு: பட்டாளத்துக் குடும்பங்களின் துக்கம்

கேட்கப்பட்ட கேள்வி இது: "எங்கள் தெருவில் ஒரு ராணுவ வீரர் ஜூன் மாதம் காஷ்மீரில் பணியில் இருந்தபோது இறந்துவிட்டார். உடல் வந்த அன்று ஊரே திரண்டது. அவர் மனைவி அன்று அழவே இல்லை. கல் மனசு என்றுகூடச் சிலர் பேசினார்கள். நான்கு மாதம் எல்லா வேலையையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தவர், தீபாவளி நெருங்கும் இந்த நேரத்தில் சாப்பாடு தூக்கம் இல்லாமல் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். ராணுவக் குடும்பங்களின் துக்கம் வேறு மாதிரியானதா? பக்கத்து வீட்டுக்காரர்களான நாங்கள் என்ன செய்யலாம்?"

அந்தப் பெண்ணுக்கு இப்போதுதான் கணவர் இறந்திருக்கிறார். இதைப் புரிந்துகொண்டால் மற்றது பெரும்பாலும் புரிந்துவிடும்.

நான் 26 வருடம் பட்டாளத்தில் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். சர்வீஸில் இருந்தபோது மூன்று முறை சவப்பெட்டியோடு ஜவான்களின் ஊருக்குப் போயிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில், கணவனையோ மகனையோ இழந்த குடும்பங்களுக்குப் பென்ஷன் தாள்களை நிரப்பிக் கொடுப்பதும், அவர்களோடு அலுவலகங்களுக்குப் போய் வருவதும்தான் என் வேலை. தெரிந்ததை எழுதுகிறேன்.

உள்ளூரில் வேலை பார்க்கும் ஒருவர் இறந்தால் மறுநாள் காலையே வீடு மாறிவிடும். அவர் செருப்பு வாசலில் கிடக்கும், போட்டுக்கொள்ள ஆள் இருக்காது. வண்டி நிற்கும். காபி ஒரு டம்ளர் குறையும். இல்லாமை என்பது அன்றைக்கே கண்ணில் படும். பட்டாளத்துக்காரர் வீடு அப்படி இல்லை. ஒரு ஜவானுக்கு வருடத்தில் 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. ஃபீல்டில், அதாவது குடும்பத்தோடு தங்க முடியாத எல்லைப் பக்கத்தில் போஸ்டிங் என்றால் மனைவி பிள்ளைகள் ஊரில்தான். ஆக, வருடத்தில் ஒன்பது மாதம் அவர் வீட்டில் இல்லாமல் இருப்பதுதான் அந்த வீட்டின் வழக்கம். ஸ்கூல் ஃபீஸ் கட்டுவது, கேஸ் புக் பண்ணுவது, மாமனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, மோட்டார் ரிப்பேருக்கு ஆள் பிடிப்பது எல்லாம் அந்தப் பெண்தான். ஜூனில் அவர் இறந்தார். ஜூலையில் அந்த வீட்டில் என்ன குறைந்தது? ராத்திரி ஒன்பது மணிக்கு வரும் போன் ஒன்று. அதுவும் சிக்னல் இல்லாத போஸ்ட்டில் இருந்தால் வாரக்கணக்கில் வராமல் இருந்து பழகியதுதான். மனசு என்ன சொல்லும்? டூட்டியில் இருக்கிறார் என்று சொல்லும். அதை அந்தப் பெண் நம்புகிறார் என்று சொல்லவில்லை. உடம்பு அப்படிப் பழகியிருக்கிறது.

அப்புறம் லீவு தேதி வருகிறது. பொங்கலுக்கு வந்துபோன கையோடு "தீபாவளிக்கு லீவு போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். காலண்டரில் வட்டம் போட்டிருப்பார்கள். அந்த நாள் நெருங்கும்போது வாசலில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அவர் எதிர்பார்ப்பது யாரை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். முதல் லீவு தேதியில்தான் வீடு உடையும்.

உடல் வந்த அன்று ஏன் அழவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. அன்று அந்த மனிதர் அவருடையவராக இல்லை. கலெக்டர், எஸ்.பி., அமைச்சர், கட்சிக் கொடிகள், டிவி கேமரா, வாசலில் பந்தல், தெரு முழுக்க பேனர். துக்க வீட்டில் பெண்கள் கூடி உட்கார்ந்து கட்டிப்பிடித்து அழ ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில் நாற்காலி போட்டுவிடுகிறார்கள். ஒப்பாரி எழும்பும் நேரத்தில் "சத்தம் போடாதீங்க, மரியாதை செலுத்தப் போறாங்க" என்று யாரோ அடக்குகிறார்கள். துப்பாக்கிகளைத் தலைகீழாகச் சாய்த்து வீரர்கள் நிற்பார்கள். மூன்று முறை வானத்தை நோக்கிச் சுடுவார்கள். பியூகிள் என்ற ஊதுகொம்பில் 'லாஸ்ட் போஸ்ட்' என்ற கடைசி விடை இசை ஒலிக்கும். நான் அந்த ஒலியைக் கேட்டு நின்றவன், அதன் மதிப்பு எனக்குத் தெரியும். என் தோழனுக்கு நான் செய்யக்கூடிய கடைசி மரியாதை அது. ஆனால் அது படையின் துக்க முறை. அந்தப் பெண்ணுக்கும் அந்தத் தாய்க்கும் வேறு முறை இருக்கிறது. இரண்டுக்கும் அன்று நேரம் ஒதுக்க வேண்டும். பல ஊர்களில் ஒதுக்குவதில்லை.

பெட்டி திறக்கப்படாமல் வரும்போது இது இன்னும் கடுமை. பனியிலோ வெடியிலோ இறந்தவரின் உடலைக் காட்ட முடியாத நிலை இருக்கும். "திறக்க வேண்டாம்" என்ற உத்தரவோடுதான் எஸ்கார்ட், அதாவது உடலோடு துணைக்கு வரும் வீரர்கள், வருவார்கள். நம் ஊர்ச் சடங்கு முழுக்க உடம்பைத் தொட்டுச் செய்வது. நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்ட வேண்டும், கோடி போர்த்த வேண்டும், வாய்க்கரிசி போட வேண்டும். பெட்டி மூடியிருந்தால் ஒன்றும் நடக்காது. நான் இரண்டாவது முறை எஸ்கார்ட்டாகப் போன ஊரில், அம்மா என்னிடம் வந்து, "சார், காலை மட்டும் காட்டுங்க சார், இடது கால் சுண்டுவிரலைப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சுரும்" என்றார். என்னால் காட்ட முடியாது. காட்டினாலும் அந்தக் கால் அங்கே இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, கையில் அரிசியை எடுத்துக்கொண்டு வந்து, "தலை எந்தப் பக்கம்பா?" என்று கேட்டார். பெட்டியின் ஓர் ஓரத்தில் சின்னதாக 'ஹெட்' என்று இங்கிலீஷில் பெயின்டால் எழுதியிருந்தது. அந்த இடத்தைக் கையை வைத்துக் காட்டினேன். மூடியின் மேல், வாய் இருக்கும் என்று அவர் கணக்குப் பார்த்த இடத்தில், மூன்று முறை அரிசியைப் போட்டார். அரிசி வழுக்கிக் கீழே விழுந்தது. கொடியை நாங்கள் அதற்கு முன்பே மடித்து எடுத்திருந்தோம். தேசியக் கொடியைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது என்பது கொடி விதி.

அந்த அம்மாவுக்காவது பெட்டி வந்தது. கார்கில் போருக்கு முன்பு வரை பெட்டி வருவதே வழக்கம் இல்லை. 1962, 1965, 1971 போர்களில் இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு எல்லைக்கு அருகிலேயே கடைசிக் காரியம் முடிந்துவிட்டது. ஊருக்கு வந்தது தந்தி, பிறகு டிரங்குப் பெட்டி. எங்கள் பெரியப்பா 1971ல் போனவர். தந்தி இங்கிலீஷில் வந்தது. போஸ்ட்மேன்தான் படித்துச் சொன்னார். பெரியம்மா ரொம்ப வருடம் வரைக்கும், "அந்த ஆளுக்கு இங்கிலீஷ் சரியா வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொட்டை அழித்தார், வெள்ளைப் புடவை கட்டினார், திதி கொடுத்தார், எல்லாம் செய்தார். அந்த ஒரு வரியை மட்டும் விடவில்லை. உடலைப் பார்க்காத துக்கம் அப்படித்தான் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கும்.

1999ல்தான் இது மாறியது. கார்கிலில் இறந்த 527 பேரின் உடல்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அதிலும் காத்திருப்பு இருந்தது. திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் பட்டாலிக் பகுதியில் மே 29 அன்று இறந்தார். எதிரியின் குண்டுக்கு நடுவே உடலை எடுக்க முடியாமல், ஒரு மாதத்துக்கு மேல் ஆகித்தான் மீட்டார்கள். அந்த ஒரு மாதம் அந்த வீடு எந்த நிலையில் இருந்திருக்கும்? இறந்தார் என்று தெரியும், ஆனால் எதையும் தொடங்க முடியாது.

சியாச்சினில் 2016 பிப்ரவரி 3 அன்று சோனம் போஸ்ட்டில் பனிச்சரிவு விழுந்தது. 19ஆம் மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் புதைந்தார்கள். அதில் நான்கு பேர் தமிழ்நாடு. மறுநாளே உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள், இரங்கல் செய்திகள் வந்துவிட்டன. வீடுகளில் அழத் தொடங்கிவிட்டார்கள். ஆறு நாள் கழித்துக் கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார். நாடே கும்பிட்டது. எனக்கு அன்று மற்ற ஒன்பது வீடுகளின் ஞாபகம்தான். அழுது முடிக்காத வீட்டில் "நம்ம ஆளும் இருந்தா?" என்ற கேள்வி எழும்பாமல் இருக்குமா? பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் இறந்தார். மற்றவர்களின் உடல்கள் சொந்த ஊர் வந்து சேர பிப்ரவரி நடுப்பகுதி ஆகிவிட்டது. ஒரே ஆளுக்காக இரண்டு முறை அழுத வீடுகள் அவை.

இன்னொன்று, உடலே கிடைக்காமல் போவது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் வங்கக் கடலில் மறைந்தது. 29 பேர். இரண்டு மாதம் தேடிவிட்டு, இறந்ததாகக் கருதப்படுவதாகக் குடும்பங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 2024 ஜனவரியில்தான், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைக் கண்டுபிடித்தார்கள். ஏழரை வருடம். அந்த ஏழரை வருடத்தில் ஒரு தமிழ்ப் பெண் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா? கருமாதி என்றைக்கு? திதி எந்த நாள்? கழற்றினால் துரோகம் மாதிரி இருக்கும், கழற்றாவிட்டால் ஊர் பேசும். 1968ல் ரோதாங் பக்கம் 102 பேரோடு விழுந்த ஏஎன்-12 விமானத்தில் இருந்தவர்களில் நான்கு பேரின் உடல் 2024ல் பனியிலிருந்து கிடைத்தது. 56 வருடம். 1984ல் சியாச்சினில் புதைந்த குமாவுன் படைப்பிரிவைச் சேர்ந்த லான்ஸ் நாயக் சந்திரசேகர் ஹர்போலா 2022ல் கிடைத்தார். கழுத்தில் மாட்டும் அடையாளத் தகட்டின் எண்ணை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். இளம் மனைவியாகக் காத்திருக்கத் தொடங்கியவர் முதிய பெண்ணாகத் தன் கணவரை வரவேற்றார். பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1970களில் வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களோடு பழகி, முடிவு தெரியாத இழப்பு என்று இதற்குத் தனியாகவே ஒரு பெயர் வைத்தார். அதில் அவர் சொல்வதில் எனக்குப் பிடித்தது, இந்தக் குடும்பங்களைச் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வரச்சொல்லித் தள்ளக் கூடாது என்பது. இறந்தவராகவும் இருக்கலாம், வரக்கூடியவராகவும் இருக்கலாம் என்ற இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டே அவர்களால் வாழ முடியும்.

டிரங்குப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடல் வந்து சில வாரமோ மாதமோ கழித்து அது வரும். கறுப்புப் பெயின்ட், மேலே வெள்ளையில் நம்பர், ரேங்க், பெயர். யூனிட்டில் ஒரு போர்டு, அதாவது அதிகாரிகள் குழு, உட்கார்ந்து ஒவ்வொரு சாமானையும் எண்ணிப் பட்டியல் போட்டு அனுப்பும். பெற்றுக்கொண்டதற்கு மனைவி கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வீட்டில் நான் அந்தப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். ஜெர்சி இரண்டு, சாமி படம் ஒன்று, ஷேவிங் செட் ஒன்று, தேங்காய் எண்ணெய் பாட்டில் ஒன்று, பாதி. அந்தப் "பாதி"யில்தான் அந்தப் பெண் சரிந்து உட்கார்ந்தார். அது ஊர்ச் செக்கில் ஆட்டி அவர் கையால் ஊற்றிக் கொடுத்தனுப்பிய எண்ணெய். கொடி வாங்கும்போது அழாதவர், பாதிப் பாட்டில் எண்ணெய்க்கு மூன்று மணி நேரம் அழுதார். அன்று அந்த வீட்டில் கூட்டம் இல்லை, கேமரா இல்லை. நானும் அவர் அண்ணியும்தான். அதனால்தான் அழ முடிந்தது என்று நினைக்கிறேன். உங்கள் பக்கத்து வீட்டுக்குப் பெட்டி இன்னும் வரவில்லை என்றால், வரும் நாளில் யாராவது கூட இருங்கள்.

"வீரத்தாய்" என்ற சொல்லைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மேடையில் பேசுகிறவர்கள் கணவனை இழந்த மறுநாளே ஒரே மகனுக்குத் தலையில் எண்ணெய் தடவி வேலைக் கொடுத்துப் போருக்கு அனுப்பிய ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்றுத் தாயை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்தப் பாட்டு பெரிய பாட்டு. ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் தாயிடம் அதைச் சொன்னால், "நீ அழக் கூடாது" என்று சொன்னதாகத்தான் அர்த்தம். அதே புறத்திணையில், இறந்தவரை நினைத்துப் புலம்பிப் பாடக் கையறுநிலை என்று ஒரு துறை இருக்கிறது. கணவனை இழந்தவளின் வாழ்க்கையைப் பாடத் தாபதநிலை என்று இன்னொரு துறை இருக்கிறது. வீரத்தைப் பாடியவர்களே அழுகைக்கும் இடம் வைத்திருந்தார்கள். கோபத்துக்கும் இடம் வேண்டும். நான் பழகிய குடும்பங்களில் கோபம் இல்லாத வீடு ஒன்றுகூட இல்லை. ராணுவத்தின் மேல் கோபம், அனுப்பிய அதிகாரி மேல் கோபம், "லீவை நீட்டிச்சுக்கோன்னு சொன்னேன், கேக்கல" என்று செத்தவர் மேலேயே கோபம். தியாகியின் மனைவி கோபப்படக் கூடாது என்று சுற்றி இருப்பவர்கள் நினைப்பதால், அது உள்ளேயே வெந்துகொண்டிருக்கும்.

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று நம் ஊரிலேயே நடக்கிறது. ஜனவரி 26 அன்று அந்தப் பெண்ணுக்குப் பொன்னாடை போர்த்திக் கைதட்டுவார்கள். அடுத்த வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்றால், "நீ கொஞ்சம் பின்னால நில்லும்மா" என்பார்கள். ஆரத்தித் தட்டைத் தொட விடமாட்டார்கள். முப்பது வயசுப் பெண். இதற்கு ராணுவம் ஒன்றும் செய்ய முடியாது. நாம்தான் செய்ய முடியும்.

மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே வரும் பிளவு அடுத்தது. பட்டாளத்தில் சேரும்போது நெருங்கிய உறவு என்று அப்பா அம்மா பெயர்தான் இருக்கும். கல்யாணம் ஆனதும் பார்ட் டூ ஆர்டர் என்ற பதிவு உத்தரவு போட்டு மனைவி பெயர் ஏறிவிடும். அதனால் கொடி, பதக்கம், குடும்ப ஓய்வூதியம், இன்சூரன்ஸில் பெரும்பங்கு எல்லாம் மனைவியிடம் போகும். இருபத்திரண்டு வருடம் வளர்த்த அம்மாவின் கையில் ஒன்றும் இருக்காது. மூன்று வருடம் வாழ்ந்த பெண்ணின் கையில் எல்லாம் இருக்கும். அந்தப் பெண் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டால் பேரப்பிள்ளையும் போய்விடும். 2024ல் வடக்கே ஒரு குடும்பத்தில் இது ஊடகம் வரை வந்து, பெற்றோர் இந்த விதியையே மாற்ற வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு பக்கத்தையும் தூற்றியவர்கள் நிறையப் பேர். நான் அப்படித் தூற்ற மாட்டேன். பணத்துக்காகச் சண்டை போடுகிறார்கள் என்று வெளியே தெரியும். உள்ளே நடப்பது "அவன் யாருடையவன்" என்ற சண்டை. சில வீடுகளில், கொடி மருமகளிடம், யூனிஃபார்ம் போட்ட போட்டோவும் தொப்பியும் அம்மாவிடம் என்று உட்கார்ந்து பேசிப் பிரித்ததில் பாதிச் சண்டை அடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

மறுமணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீரப் பதக்கத்துக்கான மாதத் தொகை, மனைவி மறுமணம் செய்தால் நின்றுவிடும், இறந்தவரின் தம்பியையோ அண்ணனையோ கட்டிக்கொண்டால் மட்டும் தொடரும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. வடக்கே ஹரியானா, பஞ்சாப் பக்கம் கொழுந்தனைக் கட்டிவைக்கும் கரேவா என்ற வழக்கம் உண்டு. அரசாணையே அதற்குத் துணை நின்ற மாதிரி ஆகியிருந்தது. 2017 நவம்பரில்தான் அந்த நிபந்தனையை எடுத்தார்கள். யாரைக் கட்டிக்கொண்டாலும், கட்டிக்கொள்ளாவிட்டாலும், அது அந்தப் பெண்ணின் முடிவு.

எல்லாச் சாவுக்கும் ஒரே மரியாதை கிடைப்பதில்லை என்பதும் துக்கத்தின் வடிவத்தை மாற்றுகிறது. எதிரியின் குண்டிலோ தீவிரவாதத் தாக்குதலிலோ இறந்தால் அது போர் இழப்பு. தாராளக் குடும்ப ஓய்வூதியமாகக் கடைசிச் சம்பளம் முழுசாக வரும். பணியில் விபத்து, பணியால் வந்த நோய் என்றால் 60 சதவீதம். பணிக்குச் சம்பந்தம் இல்லை என்று எழுதிவிட்டால் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம், முதல் பத்து வருடத்துக்குப் பிறகு அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். அக்னிவீர் என்றால் இன்சூரன்ஸும் கருணைத் தொகையும் உண்டு, குடும்ப ஓய்வூதியம் கிடையாது. ஒரு தாய்க்கு இந்த வகைகள் எதுவும் புரியாது. 'உன் மகன் சாவு எந்த வகை' என்று கேட்பதே அவரைக் கிழிக்கும். தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தவருக்கு ராணுவ மரியாதை கிடையாது. 1967ஆம் வருட உத்தரவு அப்படி என்று 2023ல் பஞ்சாபைச் சேர்ந்த ஓர் அக்னிவீர் இறந்தபோது ராணுவம் விளக்கம் சொன்னது. அந்த வீட்டுக்கு பியூகிளும் வராது, அமைச்சரும் வரமாட்டார். ஊர் கிசுகிசுக்கும். அவர்கள் மகன் இறந்தது துக்கமா அவமானமா என்று அவர்களுக்கே தெரியாமல் ஆக்கிவிடுவார்கள். நான் போன வீடுகளில் அதிகம் உடைந்து போயிருந்தவை இவைதான். அங்கே போகிறவர்கள் காரணம் கேட்காமல் போனால் போதும்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. அப்பா என்றால் போனில் வரும் குரல் என்று வளர்ந்த பிள்ளைக்கு, "அப்பா சாமிகிட்ட போயிட்டாரு, பெரிய டூட்டி" என்று சொல்லி வைக்காதீர்கள். டூட்டி என்றால் அந்தப் பிள்ளையின் அகராதியில் திரும்பி வருவது என்று அர்த்தம். செத்துப்போனார், இனி வரமாட்டார் என்று வயசுக்குத் தகுந்த சொல்லில் சொல்லத்தான் வேண்டும். குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இழப்பு இரட்டிப்பு. சில காலம் அங்கேயே தங்க அனுமதி கிடைத்தாலும், ஒரு கட்டத்தில் கிளம்பி வர வேண்டும். பள்ளிக்கூடம் போகும், சிநேகிதர்கள் போவார்கள், இந்தி பேசி வளர்ந்த பிள்ளை கிராமத்துப் பள்ளியில் திணறும். அம்மாவுக்கும் அப்படித்தான். முதல் ராத்திரியிலிருந்து சமைத்துப் போட்டு, மாற்றி மாற்றிக் கூடப் படுத்துக்கொண்ட பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்கள்தான் அவர் துக்கத்தைச் சொல்லாமலே புரிந்தவர்கள். தங்களுக்கும் இது நடக்கலாம் என்று தெரிந்தவர்கள். ஆனால் யூனிட் இரண்டு மூன்று வருடத்தில் இடம் மாறும். அவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊருக்குப் போய்விடுவார்கள்.

கூட இருந்த ஜவான்கள் லீவில் வரும்போது அந்த வீட்டை எட்டிப் பார்ப்பார்கள். அது ஒரு கடமை மாதிரி. வீட்டில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "வலிச்சுதா? ஏதாவது சொன்னாரா?" எல்லோரும் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: "உடனே போயிட்டாரு, வலியே இல்லை." நானும் ஒரு வீட்டில் அதைச் சொல்லியிருக்கிறேன். பதினோரு வருடம் கழித்து, இறந்தவரின் மகன் கல்லூரி படிக்கும்போது என்னைத் தேடி வந்து, "மாமா, நிஜத்தைச் சொல்லுங்க" என்றான். சொன்னேன். நாற்பது நிமிடம் உயிர் இருந்தது, ஹெலிகாப்டர் மேகத்தால் இறங்க முடியவில்லை, என் மடியில்தான் இருந்தார், தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். அவன் கேட்டது, "தனியா இல்லைல்ல?" என்று மட்டும்தான். அதற்குப் பிறகு நான் யாரிடமும் அந்தப் பழைய பதிலைச் சொல்வதில்லை. கேட்கிற அளவுக்கு உண்மையைச் சொல்கிறேன்.

சென்னைப் பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியில், பணியில் இறந்த படைவீரர்களின் மனைவிகளுக்குத் தனி இட ஒதுக்கீடும் வயது வரம்பில் தளர்வும் உண்டு. 2015ல் குப்வாராவில் இறந்த கர்னல் சந்தோஷ் மகாதிக்கின் மனைவி ஸ்வாதி 2017லும், 2019ல் புல்வாமாவில் இறந்த மேஜர் விபூதி டோண்டியாலின் மனைவி நிகிதா கவுல் 2021லும் அங்கிருந்துதான் அதிகாரிகளாக வெளியே வந்தார்கள். அணிவகுப்புப் படத்தைப் பார்க்கும்போது நெஞ்சு நிறையும். ஆனால் உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போய் "நீயும் அவங்க மாதிரி" என்று ஆரம்பிக்காதீர்கள். அவருக்கு இன்று ஒரு வாய் சாதம் இறங்கினால் பெரிய விஷயம்.

மருத்துவ உதவி எப்போது என்று கேட்பீர்கள். முதல் வருடத்தில் லீவு தேதி, பிறந்தநாள், கல்யாண நாள் என்று அலை அலையாக வருவது இயல்பு. ஒரு நாள் நன்றாக இருப்பார், பேங்க் வேலை பார்ப்பார், மறுநாள் எழுந்திருக்க மாட்டார். இப்படி ஊஞ்சல் மாதிரி ஆடுவதுதான் துக்கம் தன் வேலையைச் செய்யும் விதம் என்று ஸ்ட்ரோப், ஷட் என்ற நெதர்லாந்தில் வேலை பார்த்த இரு ஆராய்ச்சியாளர்கள் 1999ல் எழுதினார்கள், என் அனுபவமும் அதேதான். ஆனால் பல நாள் தொடர்ந்து சாப்பாடு தூக்கம் இல்லை, பிள்ளையைக் கவனிக்க முடியவில்லை, "நானும் போயிடறேன்" என்ற பேச்சு வருகிறது என்றால் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

தாள் வேலையிலும் கை கொடுங்கள். அது துக்கத்துக்கு வெளியே இருக்கும் விஷயம் என்று நினைக்காதீர்கள். ரெக்கார்ட் ஆபீஸ், பேங்க், தாசில்தார் அலுவலகம், வாரிசுச் சான்றிதழ், ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளம் என்று ஒவ்வொரு இடத்திலும் "கணவர் பெயர்? இறந்த தேதி?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் தன் வாயால் சொல்ல வேண்டும். மறுமணம் செய்யவில்லை என்ற உறுதி, வருடா வருடம் உயிர்ச் சான்று. ஒரு முறை ஓர் அலுவலகத்தில், பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்ததற்காக ஒரு பெண்ணை ஏழு தடவை அலைய வைத்தார்கள். ஏழாவது தடவை அவர் என்னிடம், "எனக்குப் பென்ஷனே வேணாம் சார், அவர் செத்துட்டாருன்னு சொல்ல வேண்டாம்னா போதும்" என்றார். கூட ஒருவர் போய் அந்தப் பதிலை அவருக்காகச் சொன்னால், அது எவ்வளவு பெரிய உதவி என்று போனால்தான் தெரியும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஆரம்பியுங்கள்.

கடைசியாக, இந்தத் தீபாவளி. சாவு விழுந்த வீட்டில் முதல் வருடம் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் பலகாரம் கொடுக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலமே எடுத்துக்கொண்டு போங்கள். கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல் அந்த வாசலில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஆறுதல் ஒன்றும் சொல்ல வேண்டாம். கணவரின் பெயரைச் சொல்லி, லீவுக்கு எந்த ரயிலில் வருவார் என்று கேளுங்கள். ஜம்முவிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸிலா, டெல்லி வந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலா, எத்தனை மணிக்குத் தெருமுனையில் ஆட்டோ வந்து நிற்கும், பெட்டியை யார் போய் இறக்குவார்கள், வந்ததும் முதலில் என்ன கேட்பார். எல்லாம் சொல்வார், நீங்கள் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.